செயற்கைக் கருத்தரிப்பு அன்று, உதவிபெற்ற கருத்தரிப்பு

அண்மையில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் படிவத்தைத் தமிழில் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே இணைக்கும் ஐ.வி.எஃப். முதலிய சிகிச்சைகளுக்குப் பின் கருவுற்ற பெண்களுக்குப் பேறுகாலத்தில் என்னென்ன சிக்கல்கள் வருகின்றன என்று பதிவுசெய்யும் ஆய்வு அது. முன்பு யாரோ செய்து கொடுத்திருந்த மொழியாக்கத்தில் முதல் கேள்வியே ‘தற்போதைய கர்ப்பம்: இயற்கை / செயற்கை’ என்று அச்சாகியிருந்தது. அந்தப் படிவத்தைக் காத்திருப்புக் கூடத்தில் ஒரு பெண் நிரப்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த மாமியார் எட்டிப் பார்த்து, “செயற்கைன்னா என்னம்மா? அப்ப இது நம்ம ரத்தம் இல்லையா?” என்று கேட்டாராம். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடிவைத்துவிட்டார் என்று அங்கிருந்த செவிலியர் என்னிடம் சொன்னார். கணவரின் விந்தணு, அந்தப் பெண்ணின் சொந்தக் கருமுட்டை, அவருடைய கருப்பை. இதில் செயற்கை எங்கே இருக்கிறது? செய்தித்தாள், தொலைக்காட்சி, விளம்பரப் பலகை, ஆய்வுச் சுருக்கம் என்று எங்கு பார்த்தாலும் ‘செயற்கைக் கருத்தரிப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் பிழையானது என்பதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சிகிச்சைகளைக் குறிக்கும் பொதுச்சொல் ‘அசிஸ்டட் ரிப்ரொடக்‌ஷன்’ என்பதாகும். ‘அசிஸ்ட்’ என்பது ‘அருகில் நிற்றல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். அருகில் நிற்பவர் உதவுவார் என்பதால் உதவுதல் என்ற பொருள் ஏறிற்று. சொல்வரலாறு இவ்வளவுதான். அந்தப் பெயரில் செயற்கை என்ற கருத்துக்கு இடமே இல்லை. ‘செயற்கை’ என்ற பொருள் தரும் அடைமொழியை ஆங்கிலமும் ஒரு காலத்தில் விந்து செலுத்தும் முறைக்கு வைத்திருந்தது. கால்நடை மருத்துவத்தில் இன்றும் வைத்திருக்கிறது. நம் ஊர்களில் ‘சினை ஊசி’ என்று வழங்குவதும், நூல்களில் ‘செயற்கைக் கருவூட்டல்’ என்று எழுதப்படுவதும் அதுவே. மாட்டுக்கு வைத்த அந்தப் பெயரின் முன்பாதியை எடுத்து மனிதப் பெண்ணின் கருத்தரிப்போடு ஒட்டியதில்தான் குழப்பம் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

‘செயற்கை’ நல்ல தமிழ்ச்சொல்தானே, அதில் இழிவு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் தொல்காப்பியத்தையே சான்றாகக் காட்டலாம். ‘இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்’, ‘செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்’ என்று கிளவியாக்கம் என்னும் இயலில் அடுத்தடுத்து வரும் நூற்பாக்களில் செயற்கை என்பது போலி என்ற பொருளில் வரவில்லை. ஒரு காரணத்தால் தன்மை திரிந்த பொருள் என்றே வருகிறது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த நூற்பாவுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எருப்பெய்து, இளங்களை கட்டு, நீர்கால் யாத்தமையால் பைங்கூழ் நல்லவாயின என்பது அது. உழவர் எருவிட்டார், களை பறித்தார், நீர் பாய்ச்சினார், பயிர் நன்றாக வந்தது. அந்தப் பயிரைச் ‘செயற்கைப் பயிர்’ என்று எந்த உழவராவது சொல்வாரா? காரணத்தைச் சொல்லி, அதனால் நல்லதாயிற்று என்று சொல்வதே தமிழ் மரபு என்று அந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது. என் பக்கத்துக்கும் அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

தொல்காப்பியர் காலத்துப் பொருளில் இன்று யாரும் அந்தச் சொல்லைக் கேட்பதும் இல்லை. செயற்கைப் பல், செயற்கைக் கால், செயற்கை வைரம், செயற்கை நிறம் என்றெல்லாம் சொல்லும்போது, உண்மையான ஒன்று இல்லாத இடத்தில் அதைப்போலச் செய்து வைத்த மாற்றுப்பொருள் என்றே நம் காது பொருள் கொள்கிறது. ‘செயற்கையாகச் சிரித்தாள்’ என்றால் பொய்யாகச் சிரித்தாள் என்று பொருள். அந்த மாமியாரின் காதிலும் அப்படித்தான் விழுந்தது. அவர் அறியாமையால் கேட்கவில்லை. தமிழை அறிந்ததால்தான் கேட்டார்.

அடுத்த பாதியான ‘கருத்தரிப்பு’ என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தரித்தல் என்றால் தாங்குதல், ஏற்றுக்கொள்ளுதல். ‘தரி’ வடமொழித் தொடர்புடையது என்று தனித்தமிழ் அன்பர்கள் ஒதுக்குவார்கள்; கருக்கொள்ளல், சூல்கொள்ளல் என்று எழுதச் சொல்வார்கள். குறுந்தொகையின் ‘கடுஞ்சூல் மகளிர்’ வழி வந்த சொல்லை நான் மறுப்பேனா? ஆனாலும் ‘கருத்தரித்தாள்’ என்று மக்கள் வாயில் புழங்கித் தேறிய சொல்லை, வேரைத் தோண்டிப் பார்த்து விலக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவே முதன்மையானது. எந்த வினையைச் சொன்னாலும், தாங்குபவள் பெண். அந்தச் செயலை எந்தக் கருவியும் அவளுக்குப் பதிலாகச் செய்வதில்லை. உடலுக்கு வெளியே நடப்பது கருமுட்டையும் விந்தணுவும் இணைவது மட்டுமே. இலங்கைப் பாடநூல்கள் அதைக் ‘கருக்கட்டல்’ என்று அழகாகச் சொல்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கருவுறுதல்’ என்கின்றன. ஆக, கண்ணாடித் தட்டில் நடப்பது கருக்கட்டல், கருப்பையில் நிகழ்வதே கருத்தரிப்பு. ‘செயற்கைக் கருத்தரிப்பு’ என்னும் தொடர் முதற்சொல்லிலும் தவறு, இரண்டாம் சொல்லிலும் இடம் மாறிய தவறு.

அந்தக் கண்ணாடித் தட்டை ஒருமுறை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள கருமுட்டை நுண்ணோக்கியின் கீழ் மங்கிய நிலவைப்போல் தெரிந்தது; அதைச் சுற்றி விந்தணுக்கள் துடித்துக்கொண்டிருந்தன. தட்டை உடல் வெப்பமாகிய 37 பாகையில் வைத்திருப்பதும், காற்றின் கரியமில வாயு அளவைப் பார்த்துக்கொள்வதும், 16 முதல் 18 மணிநேரம் கழித்து உள்ளே முட்டையினுடையதும் விந்தணுவினுடையதுமாக இரண்டு முன்கருக்கள் தோன்றியிருக்கின்றனவா என்று பார்ப்பதுமே மனிதர் செய்கிற வேலை. எந்த விந்தணு உள்ளே போவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 1992-இல் பிரசல்சில் இருந்து அறிவிக்கப்பட்ட இக்சி முறையில் ஒரே விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கும் வாசல்வரை கொண்டுபோய் விடுவதுதான் கை. அதன் பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு கருவாவது தானாக நடப்பது, பல நேரம் நடக்காமலும் போவது. பிறகு கருவைக் கருப்பையில் விட்டுவிட்டு எல்லோரும் காத்திருக்கிறார்கள். ‘கரு நின்றிருக்கிறதா’ என்று வீட்டில் கேட்கிறார்கள். நிற்பது கருவின் வேலை, பக்கத்தில் நிற்பது மருத்துவத்தின் வேலை.

‘சோதனைக்குழாய்க் குழந்தை’ என்ற பெயரை நீண்ட நேரம் மறுக்க வேண்டியதில்லை. 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் உலகின் முதல் ஐ.வி.எஃப். குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தபோது ஆங்கிலச் செய்தித்தாள்கள் பரப்பிய பெயர் அது. ‘இன் விட்ரோ’ என்ற இலத்தீனுக்குக் ‘கண்ணாடியில்’ என்றே பொருள். பயன்படுவது தட்டு, குழாய் அன்று.

கடினமான போட்டி ‘துணை இனப்பெருக்கத் தொழில்நுட்பம்’, ‘உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பம்’ என்ற சொற்களிடமிருந்து வருகிறது. இச்சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டின் நடுவண் சட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் இவ்விரண்டையும் மாறிமாறிக் கையாளுகிறார்கள். செயற்கையை விட்டதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் பெயருக்கு முன்னால் வெறும் ‘துணை’ வந்தால் தமிழில் அது அடுத்த படியில் உள்ளதைக் குறிக்கும்: துணைவேந்தர், துணை ஆட்சியர், துணைத்தலைவர். ‘உதவி’யும் அப்படியே: உதவிப் பேராசிரியர், உதவி இயக்குநர். ‘துணை இனப்பெருக்கம்’ என்று படிப்பவர், முதன்மை இனப்பெருக்கம் வேறு எங்கோ நடக்க, இது அதற்கு அடுத்தது என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. ‘இனப்பெருக்கம்’ விலங்கியல் வகுப்பறைக்குப் பொருந்தும் சொல். எட்டு ஆண்டுகளாக ஒரு குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியிடம் போய் இனத்தைப் பெருக்க உதவுகிறோம் என்று சொல்வது பொருந்துமா? அவர்கள் வேண்டுவது இனத்தின் பெருக்கம் அன்று, ஒரு பிள்ளை. அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே இருப்பதை எடுத்து ஒட்டும் பழக்கத்தால் வருகிற பிழை இது. சொல் எங்கே, யார் முன்னால் உச்சரிக்கப்படும் என்று மொழிபெயர்ப்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வழி நம் கையிலேயே இருக்கிறது. ‘அரசு உதவிபெறும் பள்ளி’ என்று ஊர்தோறும் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறோம். அதைப் படித்து யாரும் பள்ளி போலி என்றோ, இரண்டாம் தரம் என்றோ நினைப்பதில்லை. பள்ளி பள்ளிதான், அதற்கு உதவி கிடைக்கிறது என்று ஐயமின்றி விளங்குகிறது. ‘உதவி’யை முன்னால் ஒட்டாமல் ‘பெறும்’ என்ற வினையைச் சேர்த்தவுடன் படிநிலைப் பொருள் மறைந்து, உண்மைப் பொருள் வந்துவிடுகிறது. ஆகவே ‘உதவிபெற்ற கருத்தரிப்பு’ என்பதே என் பரிந்துரை. வேண்டிய இடத்தில் ‘மருத்துவ உதவிபெற்ற’ என்று விரிக்கலாம். ஐ.வி.எஃப். முறைக்கு ‘உடற்புறக் கருக்கட்டல்’ போதும். சொல் நீளமாக இருக்கிறது, செய்தித் தலைப்பில் அடங்காது என்பார்கள். தலைப்பில் இடமில்லாதவர்கள் ஐ.வி.எஃப். என்றே எழுதட்டும். மக்களுக்கு அது தெரியும், அது யாரையும் புண்படுத்துவதும் இல்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வேறுபாடு இன்னும் முதன்மை பெறுகிறது. இவ்வகைக் கருப்பங்களில் குறைப்பிரசவமும் எடைகுறைந்த பிறப்பும் சற்றுக் கூடுதல் என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைப்பதால் வரும் இரட்டைப் பிள்ளைப்பேறு ஒரு பெரிய காரணம். ஒற்றைப் பிள்ளையிலும் வேறுபாடு இருக்கிறதே, அது சிகிச்சையால் வருகிறதா, சிகிச்சைக்குக் கொண்டுவந்த குறையால் வருகிறதா என்பதே இத்துறையின் நெடுநாள் கேள்வி. 2008-இல் வெளியான நார்வே ஆய்வொன்று, ஒரே தாய்க்குச் சிகிச்சையால் பிறந்த பிள்ளையையும் தானாகக் கருவாகிப் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டு, வேறுபாட்டின் பெரும்பகுதி சிகிச்சையால் வருவதாகத் தெரியவில்லை என்றது. இந்த நுட்பத்தைத் தமிழில் ‘இயற்கைக் கர்ப்பம் – செயற்கைக் கர்ப்பம்’ என்று இருகூறாக்கினால், கேள்வி எழும் முன்பே சொல் தீர்ப்பளித்துவிடுகிறது. செயற்கையானது என்பதால்தான் கேடு என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுவார். ஒப்பீட்டுக் குழுவுக்குத் ‘தானாக அமைந்த கருத்தரிப்பு’ என்ற பெயரே நேர்மையானது. எல்லை வரைவதிலும் கவனம் வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட இத்துறையின் அனைத்துலகச் சொல்லடைவு, கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் எளிய முறையை இத்தொழில்நுட்பங்களுக்குள் சேர்ப்பதில்லை. இந்தியச் சட்டமோ அதை மட்டும் செய்யும் இடங்களையும் முதல்நிலை மருத்துவகங்களாகப் பதிவுசெய்யச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் ‘செயற்கை’ என்று ஒரே போர்வையைப் போர்த்தினால் எந்த ஆய்வு எதை எண்ணியது என்பதே தெரியாமல் போகும்.

‘உதவி’ என்ற சொல்லால் இன்னொரு நன்மையும் உண்டு. உதவி என்றால் யாருடைய உதவி என்று கேட்கத் தோன்றும். செயற்கை என்றால் அந்தக் கேள்வியே எழாது, கைகள் மறைந்துவிடும். ஓல்டாம் பிறப்பை அறிவித்து 1978 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வந்த கடிதத்தில் மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ, ஆய்வாளர் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்று இரண்டு பெயர்களே இருந்தன. ஆய்வகத்தில் கருவை நாள்தோறும் பார்த்துக்கொண்ட ஜீன் பர்டியின் பெயர் அதில் இல்லை. ஓல்டாமில் வைத்த நினைவுப்பலகையில் அவர் பெயரும் வேண்டும் என்று எட்வர்ட்சே கேட்டிருந்தும் முதலில் விடுபட்டது. 2015-இல்தான் அவர் பெயரோடு பலகை வந்தது. பர்டியோ 1985-லேயே இறந்துவிட்டார். ஓல்டாம் பிறப்புக்குப் பின் மூன்று மாதத்துக்குள், அதே 1978 அக்டோபரில், கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் ஐ.வி.எஃப். முயற்சியால் துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. அவர் கூற்றை அரசுக் குழு ஏற்கவில்லை. 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் ஐ.வி.எஃப். குழந்தை என்று கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டி வந்தன. அந்த மும்பைப் பணியில் பங்குகொண்ட அறிவியலாளர் ஆனந்தகுமாரே 1997-இல், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்தபின், முதன்மை அவருக்கே உரியது என்று எழுதினார்.

தவறான பெயர் பரவுவதும் இந்த வழியில்தான். ஓர் அகராதி ‘செயற்கைக் கருத்தரிப்பு’ என்று போடுகிறது. செய்தியாளர் அதை எடுக்கிறார். அடுத்த அகராதி செய்தித்தாளைச் சான்றாகக் கொள்கிறது. எங்கிருந்து எடுத்தோம் என்று ஒருவரும் குறிப்பதில்லை. ஆகையால் எங்கே பிழைத்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கவும் முடிவதில்லை. கலைச்சொல் பட்டியல் வெளியிடுவோர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆக்கியவர், முதலில் வழங்கிய இடம், விலக்கிய மாற்றுச்சொற்கள் என்ற மூன்றையும் எழுதிவைத்தால் பாதிச் சண்டை குறையும்.

மருத்துவமனைப் படிவத்தில் நான் மாற்றிக் கொடுத்த வரி இது: ‘இந்தக் கரு மருத்துவ உதவியுடன் நின்றதா? ஆம் / இல்லை.’ ஆய்வு அறிக்கையில் அதே கருத்து ‘உதவிபெற்ற கருத்தரிப்பு’ என்று பெயராகட்டும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் பெண்களைப் பற்றி எழுதும்போது ‘உதவிபெறும்’ என்று நிகழ்காலத்தில் சொல்லலாம். சட்டத்துக்கும் நூல் தலைப்புக்கும் காலம் காட்டாத வினைத்தொகையாக ‘உதவிபெறு கருத்தரிப்பு’ என்று வைத்துக்கொள்ளத் தமிழ் இலக்கணம் இடம் தருகிறது. வினைத்தொகை என்பதால் அங்கே எழுத்துக்கூட மிகாது.