ஒரே வெயில், எட்டு டிகிரி வித்தியாசம்

மார்ச் 21, செப்டம்பர் 22. இந்த இரு நாட்களிலும் வட இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகை உயரத்தில் நிற்கும். பகல் பொழுது 12 மணி நேரம். ஆனால் மார்ச் மாதத்தில் பகல் உச்ச வெப்பநிலையின் சராசரி சுமார் 10 டிகிரி செல்சியஸ், செப்டம்பரில் 18. ஒரே சூரியன், ஒரே பகல், எட்டு டிகிரி வித்தியாசம். இது ஏன் என்று பிடிபட்டுவிட்டால் அந்த ஊரின் ஆண்டு முழுவதும் பிடிபட்டுவிடும்.

ஷெஃபீல்ட் 53.4 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட சூரியன் 13 பாகைக்கு மேல் ஏறாது. ஒரு சதுர மீட்டர் அகலக் கதிர் அப்போது நாலரைச் சதுர மீட்டர் தரையில் பரவிச் சோர்ந்துபோகிறது. பகலும் ஏழரை மணி நேரம்தான். ஜூன் 21 அன்று அதே சூரியன் 60 பாகை ஏறுகிறது, பகல் 17 மணி நேரத்தைத் தொடுகிறது. ஆனாலும் கடுங்குளிர் டிசம்பரில் வருவதில்லை, ஜனவரி, பிப்ரவரியில்தான் வருகிறது. உச்ச வெப்பமும் ஜூனில் வராமல் ஜூலையிலும் ஆகஸ்டிலும் வருகிறது.

வீட்டு வரவு செலவைப் போல இதை நினைத்துப் பார்க்கலாம். சம்பளம் கூடத் தொடங்கிய மாதமே கையிருப்பு ஏறிவிடாது. வரவு செலவைத் தாண்டிய பிறகுதான் ஏறும். ஜனவரியில் வெயில் கூடத்தான் செய்கிறது. ஆனாலும் நீண்ட இரவுகளில் வானத்துக்குப் போய்விடும் வெப்பம் அதைவிட அதிகம், அதனால் குளிர் இன்னும் இறங்குகிறது. ஜூனுக்குப் பின் வெயில் குறைந்தாலும் இன்னும் சில வாரங்களுக்கு வரவே மிஞ்சுகிறது, சூடும் ஏறிக்கொண்டே போகிறது.

இந்தக் கையிருப்பின் பெரும்பகுதி கடலில்தான். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் ஆற்றல் வேண்டும். காற்றுக்கு ஒரு ஜூல் போதும். அதோடு அலையும் காற்றும் கடலின் சூட்டைப் பல மீட்டர் ஆழத்துக்குக் கலக்கிவிடுகின்றன. ஆகவே கடல் மெல்லச் சூடாகி மெல்லவே ஆறும். பிரிட்டனைச் சுற்றிய கடல் மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில். ஏப்ரலிலும் மே மாதத்திலும், பிரிட்டனுக்குக் கிழக்கே இருக்கும் வட கடல் பக்கமிருந்து கிழக்குக் காற்று வீசினால், பளிச்சென்ற வெயிலிலும் கம்பளிச் சட்டை தேவைப்படுவது இதனால்தான். செப்டம்பரில் அதே கடல் கோடை முழுக்கச் சேர்த்ததைத் திருப்பிக் கொடுக்கிறது.

கடல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாஸ்கோ சாட்சி. அது ஷெஃபீல்டைவிட இரண்டரைப் பாகைதான் வடக்கே. ஜனவரிச் சராசரி மாஸ்கோவில் சுழியத்துக்குக் கீழே ஆறேழு டிகிரி. ஷெஃபீல்டில் சுழியத்துக்கு மேலே நாலைந்து. அட்லாண்டிக்கின் மேல் வரும் மேற்குக் காற்றுதான் இந்தக் காப்பு.

ஷெஃபீல்டின் மாதச் சராசரிகளைச் சுமாராகச் சொன்னால், ஜனவரியில் பகல் உச்சம் 7, இரவுத் தாழ்வு 2. ஏப்ரலில் 13, 5. ஜூலையில் 21, 13. அக்டோபரில் 14, 8. இவை 1991 முதல் 2020 வரையான முப்பது ஆண்டுகளின் சராசரி. 2022 ஜூலை 19 அன்று அங்கே வெப்பம் 39 டிகிரியைத் தாண்டியது. சராசரியை வைத்துக்கொண்டு ஒரு தனி நாளைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இந்த எண்கள் பிறக்கும் இடம் வெஸ்டன் பூங்கா வானிலை நிலையம். 1882 முதல் இயங்குகிறது, கடல்மட்டத்துக்கு 131 மீட்டர் மேலே. வெப்பமானி இருப்பது புல்தரைக்கு 1.25 மீட்டர் உயரத்தில், காற்று புகும்படி இடைவெளி விட்டுச் சாய்வாகப் பலகைகள் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள். கதவு வடக்கு நோக்கித் திறக்கும். திறக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாது. பழைய கண்ணாடிக் கருவிகளில், உச்சத்தைக் காட்டும் பாதரசக் குழாயின் அடியில் ஒரு நெருக்கல் உண்டு: ஏறிய பாதரசம் உதறும்வரை இறங்காது. தாழ்வைக் காட்டும் ஆல்கஹால் குழாயில் ஒரு சின்ன ஊசியை ஆல்கஹாலின் விளிம்பு இழுத்துக்கொண்டு இறங்கி, மிகத் தாழ்ந்த இடத்தில் விட்டுவிட்டு ஏறும். ஆல்கஹால் கொஞ்சம் ஆவியாகிக் குழாயின் மேல்நுனியில் படிந்துவிட்டால், ஒவ்வொரு இரவும் உண்மையைவிடக் குளிராகப் பதிவாகும்.

நேரமும் முக்கியம். கிரீன்விச் நேரம் காலை 9 மணிக்குப் படிப்பார்கள். அப்போது காணும் உச்சம் நேற்றைய நாளுக்கு எழுதப்படும், தாழ்வு இன்றைக்கு. மாலை ஐந்துக்குப் படித்தால், ஒரு கொதிக்கும் மாலையின் சூடு கருவியை மீட்டமைத்த பிறகும் மறுநாள் கணக்கில் ஏறி, மாதச் சராசரியையே உயர்த்திவிடும்.

ஊரின் மேடு பள்ளமும் இருக்கிறது. ஷெஃபீல்ட் நகர எல்லைக்குள் தாழ்வான இடம் 10 மீட்டர் உயரம், மேற்கே பென்னைன் மலைத்தொடரை ஒட்டிய உச்சி 548 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால் ஒரே ஊருக்குள் மூன்றரை டிகிரி வேறுபாடு. பூங்காவில் 2 டிகிரி என்ற இரவில் மேட்டில் உறைபனி விழுந்திருக்கலாம். பூங்காவிலேயே புல்நுனி உறைந்திருக்கலாம்: தெளிந்த இரவில் தரை, பெட்டிக்குள் இருக்கும் காற்றைவிடச் சில டிகிரி குளிரும்.

மே 21 வெயிலும் ஜூலை 23 வெயிலும் அங்கே ஒன்றுதான். அப்படியும் வட இங்கிலாந்தில் தோட்டம் போடுகிறவர்கள் தக்காளி நாற்றை மே கடைசி வரை கண்ணாடிக் கொட்டகைக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.