காணாமல் போனவர்களைத் தேடுவதில் பொதுமக்கள் பங்கு: செட்டிநாட்டு வாசகர்களுக்கான சட்ட விளக்கம்

வீட்டில் ஒருவரைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் பொறுத்திருந்த பிறகே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர்களில் இன்றும் பலரிடம் இருக்கிறது. அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. காணவில்லை என்று தெரிந்த நேரத்திலேயே புகார் கொடுக்கலாம். புகாரைப் பெற்றதற்கு அடையாளமாகத் தரப்படும் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீதோடு நின்றுவிடாமல், முதல் தகவல் அறிக்கை பதிவாகிறதா என்பதையும் குடும்பத்தார் கேட்டறிய வேண்டும். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் "மேன் மிஸ்ஸிங்", "உமன் மிஸ்ஸிங்" என்ற தலைப்புகளில் இத்தகைய வழக்குகள் பதிவு செய்யப்படுகின்றன. காணாமல் போனவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் நிலை இன்னும் தெளிவானது. குழந்தை கடத்தப்பட்டதாகவோ ஆள்கடத்தலுக்கு உள்ளானதாகவோ முதலில் கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. நான்கு மாதங்களில் குழந்தை கிடைக்கவில்லை என்றால், வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றப்பட வேண்டும்.

செட்டிநாட்டில் எல்லைப் பிரச்சினை ஒன்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் சிவகங்கை மாவட்டத்தில் இருக்க, ராயவரமும் பொன்னமராவதியும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. கானாடுகாத்தானில் பேருந்து ஏறியவர் திருமயத்தில் இறங்கும்போது மாவட்டம் மாறியிருப்பார். தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டத்தில் ஒரு முதியவர் பிரிந்துபோனால், அவர் எந்த நிலையத்தின் எல்லையில் தவறினார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவலை, சம்பவம் எங்கு நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்கிறது. குழந்தை காணாமல் போன வழக்கு கடத்தலாகவே தொடங்குவதால், "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் அங்கே செல்லாது. தகவலை மின்னணு முறையிலும் அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அஞ்சலில் அனுப்பலாம். அதன் பிறகும் பயன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். ஒருவர் சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டிருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், இரு மாவட்டத்தாரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்யலாம்.

பதிவு முடிந்த பிறகே அக்கம்பக்கத்தாரின் வேலை பயன் தரத் தொடங்குகிறது. வாட்ஸ்அப் குரூப்புகளில் அன்றாடம் சுற்றும் "காணவில்லை" படங்களில் பெரும்பாலானவற்றில் தேதி இருப்பதில்லை, காவல் நிலையத்தின் பெயர் இருப்பதில்லை, யாரோ ஒருவரின் கைபேசி எண் மட்டுமே இருக்கிறது. கிடைத்துவிட்ட குழந்தையின் படம் ஆண்டுக்கணக்கில் சுற்றுவதற்கு இதுதான் காரணம். அறிவிப்பில் அண்மையில் எடுத்த படம், உயரம், அங்க அடையாளம், கடைசியாக அணிந்திருந்த உடை, பேசும் மொழி, கடைசியாகக் காணப்பட்ட இடமும் நேரமும், தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து ஏதேனும் இருந்தால் அதுவும், இவற்றோடு காவல் நிலையத்தின் பெயரும் முதல் தகவல் அறிக்கையின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். ஆதார் எண்ணையும் முழு வீட்டு முகவரியையும் போடக் கூடாது. பணம் கேட்டு மிரட்டும் பொய் அழைப்புகளுக்கு அவை வழி திறந்துவிடும். நிலையத்தின் பெயர் இல்லாத படம் நம் கைக்கு வந்தால், அதை அப்படியே ஃபார்வர்டு செய்யாமல் நிறுத்தி வைப்பதே நல்லது.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. காணாமல் போனவர்கள் எல்லோரும் தேடப்பட விரும்புகிறவர்கள் அல்லர். 18 வயது நிரம்பிய பெண் வீட்டு வன்முறைக்கு அஞ்சியோ, தன் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டோ வெளியேறியிருக்கலாம். அவர் இருக்கும் இடத்தைக் குடும்பத்தாரின் எண்ணுக்கு நேராகச் சொல்வது அவர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே பார்த்த தகவலைக் காவல் நிலையத்துக்கோ அவசர உதவி எண் 112க்கோ மட்டுமே சொல்ல வேண்டும். காவல் துறை அவரைக் கண்டறிந்து வாக்குமூலம் பெற்ற பின், எங்கே இருப்பது என்பதை அவரே முடிவு செய்வார். வயது வந்தவரைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்ப முடியாது. பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது.

கண்டெடுப்பவரின் கடமைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. என் பார்வையில் தேடுவதில் பாதி இங்கேதான் இருக்கிறது. பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக் கூட்டத்திலோ காரைக்குடிப் பேருந்து நிலையத்திலோ தனியாக நிற்கும் குழந்தையை ஒருவர் பார்த்துப் பொறுப்பேற்றுக்கொண்டால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தகவல் தர வேண்டும். அல்லது பதிவு பெற்ற இல்லத்தில் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். தகவல் தராமல் வைத்துக்கொள்வது, நல்ல எண்ணத்தோடு செய்தாலும், ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டுக்கும் உரிய குற்றம். குழந்தையை ரயிலிலோ ரயில் நிலையத்திலோ பார்த்தால், ரயில்வே உதவி எண் 139க்குச் சொல்லலாம். கிடைத்த குழந்தையின் படத்தைக் குரூப்பில் போட்டு "பெற்றோர் யார்?" என்று கேட்பது வேண்டாம், உரிமை கோரி வருபவர் உண்மையான பெற்றோர்தானா என்று சரிபார்ப்பது குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பு. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி ஆகியவற்றை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது; மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மனநலம் குன்றி ஊர் ஊராகத் திரிபவர்களை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, வீடின்றித் திரியும் மனநோயாளி ஒருவர் குறித்துக் காணாமல் போனவர் என்றே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், அவருடைய குடும்பத்தைத் தேடுவது நிலைய அலுவலரின் கடமை என்கிறது. கோயில் வாசலில் படுத்திருப்பவருக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுப்பவர், கூடவே காவல் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொன்னால், எங்கோ ஒரு மாவட்டத்தில் கிடக்கும் பழைய புகாருக்கு விடை கிடைக்கக்கூடும். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியே வாழும் மறதி நோயுள்ள முதியவர்கள் வழி தவறும்போதும் இதுவே பொருந்தும். அவர்களுக்கென 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. சட்டைப் பையிலோ சேலை முந்தியிலோ ஒரு தொலைபேசி எண் எழுதிய அட்டையை வைப்பது பக்கத்து வீட்டாரும் செய்யக்கூடியது.

வெளியூர் ஆளைக் கண்டதும் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிப்பது விழிப்புணர்வு ஆகாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) சாமி கும்பிடவும் வெளியூரிலிருந்து ஆண்டுதோறும் கார்களில் ஆட்கள் வந்து இறங்கும் நம் ஊர்களில் இதை மறக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் 112க்குப் பேசலாம். கூட்டம் கூட்டி விசாரிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்த் தொடர்பு அற்றுப்போனவருக்காக, வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" இணையதளத்தில் குடும்பத்தார் மனு பதியலாம்.

ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குக்கூட அவரைப் பற்றி ஏழு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 111ஆம் பிரிவு கூறுகிறது. பல பங்காளிகளுக்கு உரிய பூர்வீக வீட்டில் ஒரு பங்குக்காரரைக் காணவில்லை என்றால், பாகப்பிரிவினையும் வங்கிக் கணக்கும் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். அப்போது உரிமையியல் நீதிமன்றத்தில் முதல் நாளில் பதிவான முதல் தகவல் அறிக்கை, நாளிதழ் அறிவிப்பின் நறுக்கு, அவரைக் கடைசியாகப் பார்த்த அண்டைவீட்டாரின் சாட்சியம் ஆகியவை முக்கியமான ஆதாரங்களாக அமையும்.