பாம்பனில் நின்ற புயல், சிதம்பரத்தில் சூழ்ந்த வெள்ளம்

2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவில் இலங்கையின் திரிகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி புயல், மறுநாள் பாம்பனை நெருங்கியபோது, அது இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் வழியே உள்நாட்டுக்குள் நுழையும் என்றே கணிக்கப்பட்டிருந்தது. அது நுழையவில்லை. மன்னார் வளைகுடாவில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்று, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, அங்கேயே கரைந்துபோனது. ஆனால் வெள்ளம் சூழ்ந்ததோ மையத்துக்கு வெகுவடக்கே இருந்த சிதம்பரத்தை. நடராசர் கோயிலுக்குள்ளும் நீர் தேங்கியது.

மிக அருகிலுள்ள கடலுக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டிய மதுரையில், புயல் என்பது பெரும்பாலும் கண்மாய் நிறையுமா என்ற கேள்வியாகவே வந்து சேர்கிறது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் இங்கே பெய்கிறது. ஆகவே 'இந்த ஆண்டு புயல்கள் அதிகம்' என்ற செய்தியை மேலூர்ப் பக்கத்து உழவர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. எனினும் வங்கக் கடலில் பிறந்து ஆந்திரத்துக்கோ ஒடிசாவுக்கோ திரும்பும் புயல், ஈரக்காற்றைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு நம்மை வறண்ட வானத்துடன் விட்டுச்செல்வதும் உண்டு. புயல்களின் எண்ணிக்கை வேறு, நம் ஊர் மழை வேறு.

புயலுக்கு எரிபொருள் கடல்நீரின் ஆவி. மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும்போது எழும் ஈரக்காற்று, உயரே குளிர்ந்து மேகமாகும். அப்போது அது விடுவிக்கும் உள்ளுறை வெப்பம் மேலும் காற்றை மேலே இழுக்கிறது. இந்தச் சுழற்சி நிலைக்க, கீழ்க்காற்றும் மேல்காற்றும் திசையிலும் வேகத்திலும் பெரிதாக மாறுபடக் கூடாது. தென்மேற்குப் பருவத்தின் உச்சத்தில் கீழே மேற்குக் காற்றும் உயரே வலுவான கிழக்குக் காற்றும் வீசுவதால், எழும் மேகக் கோபுரம் சாய்ந்து சிதைகிறது. எனவேதான் நம் புயல்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் என இரு பருவங்களில் வருகின்றன. அட்லாண்டிக் கடலுக்கோ ஜூன் முதல் நவம்பர் வரை ஒரே பருவம். அக்டோபருக்குப் பின் புயல் பிறக்குமிடம் படிப்படியாகத் தெற்கே இறங்குவதால், தென்மாவட்டங்கள் அஞ்ச வேண்டிய காலம் கார்த்திகையும் மார்கழியும்தான். தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி.

கணிப்பில் ஒவ்வொரு காலஅளவும் ஒவ்வொரு கேள்விக்கு விடை சொல்கிறது. ஒரு பருவம் முழுவதற்குமான கணிப்பை அட்லாண்டிக்குக்காக 1984இல் அமெரிக்க வானிலை அறிஞர் வில்லியம் கிரே தொடங்கினார். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிலை அட்லாண்டிக் புயல்களை அடக்குகிறது என்பது அதன் அடித்தளங்களுள் ஒன்று. அது பருவத்தின் போக்கைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. அடுத்த இரு வாரங்களுக்கான கணிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழன்தோறும் வெளியிடுகிறது; உலகைச் சுற்றிக் கிழக்கு நோக்கி நகரும் மேடன்-ஜூலியன் அலைவு என்னும் மேகத்திரள் அப்போது எங்கே இருக்கிறது என்பது அதில் பெரிதும் பார்க்கப்படுகிறது.

தாழ்வு மண்டலம் உருவானபின் கேள்வி 'எங்கே?' என்று மாறுகிறது. புயலுக்குச் சொந்தக் கால்கள் இல்லை; சூழ்ந்திருக்கும் காற்றோட்டமே அதை ஏந்திச் செல்கிறது. கணினி மாதிரிகளில் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். பாதைகள் ஒன்றையொட்டி ஒன்று அமைந்தால் நம்பிக்கை கூடும், விரிந்தால் குறையும். இருபுறமும் உள்ள உயர் அழுத்தங்கள் சமமாக இழுத்தால் ஏந்திச்செல்லும் காற்றே ஓய்ந்துவிடும். புரெவிக்கு நேர்ந்தது இதுதான். நிற்கும் புயலைக் கணிப்பது ஓடும் புயலைக் கணிப்பதைவிடக் கடினம் என்பதால், அந்தப் பிழையைக் கேலி செய்வது நியாயமன்று.

கரையை நெருங்குகையில் இன்சாட் செயற்கைக்கோள் படங்களும் காரைக்கால், சென்னை டாப்ளர் ரேடார்களும் மையத்தைப் பின்தொடர்கின்றன. நடுக்கடலில் காற்றின் வேகத்தை மேகத்தின் வடிவத்திலிருந்தே மதிப்பிடுகிறார்கள். அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னன் துவோராக் 1970களில் வகுத்த முறை இது.

எச்சரிக்கை நான்கு கட்டங்களாக வருகிறது. முதல் மூன்றும் கடலோரத்துக்கு. கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன் வெளியாகும் நான்காவது, கரையேறிய பின் புயல் எப்படி நடக்கும் என்று உள்மாவட்டங்களுக்குச் சொல்வது. மதுரைக்காரர் தேடிப் படிக்க வேண்டியது அதைத்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, நிலத்தில் ஆவி கிடைக்காமல் வலுவிழந்துகொண்டே வந்தும், கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்துவிட்டு அன்றே கேரளத்துக்குள் சென்றது.