கார் பானட்டில் சின்னம்: எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது

புதுக் கார் வந்ததும் பானட்டிலோ டிக்கியிலோ ஒரு சின்னத்தை மாட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். பெயிண்ட் அடித்த தகட்டில் டிரில் போட்டு இறுக்கினால் போலீஸ் பிடிக்குமா என்று கேட்பார்கள். ஓட்டையைப் பற்றிச் சட்டம் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அந்த ஓட்டையில் எந்தச் சின்னம் உட்காரப் போகிறது என்பதில்தான் கறார்.

முதலில் ஓட்டை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு. வண்டியின் அடிப்படை அம்சமே மாறிப்போகிற அளவுக்கு அதன் கட்டமைப்பைத் திருத்துவதைத்தான் அந்தப் பிரிவு 'மாற்றம்' என்கிறது. டிக்கியில் இரண்டு ஓட்டை போட்டு மாடல் பெயரையோ கிளப் பேட்ஜையோ மாட்டுவது அந்தக் கணக்கில் வராது.

இந்திய அரசின் தேசியச் சின்னமான சிங்கமுகச் சின்னம் என்றால் கதை வேறு. இதற்கென்றே 2005-இல் ஒரு சட்டமும் 2007-இல் விதிகளும் வந்தன. யார் யார் காரில் எது இருக்கலாம் என்று விதிகளின் அட்டவணையே சொல்லிவிடுகிறது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், ஆளுநர் போன்றோரின் கார்களில் முழுச் சின்னம் இருக்கலாம். பிரதமர், அமைச்சர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் போன்றோரின் கார்களில் முக்கோண உலோகத் தகட்டில் அசோகச் சக்கரம் மட்டும். நீதிபதி கார் முகப்பில் அந்த முக்கோணத்தைப் பார்த்திருப்பீர்கள்.

பதவி போன பிறகு? முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.பி., முன்னாள் எம்.எல்.ஏ., முன்னாள் நீதிபதி, ஓய்வுபெற்ற அரசு அதிகாரி என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லியே விதி தடுக்கிறது. இவர்களை இப்படி வரிசையாக எழுத வேண்டி வந்ததே, யார் கழற்ற மனமில்லாமல் இருந்தார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது! மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை மாட்டிக்கொண்டால் 6 மாதமாவது சிறை. தமிழக அரசின் கோபுரச் சின்னத்திலும் அதே சிங்கம் இருக்கிறது. அதையும் சொந்தக் காரில் மாட்டிவிடாதீர்கள்.

தேசியக் கொடியும் அப்படியே. காரில் கொடி பறக்கவிடும் உரிமை, கொடி விதித் தொகுப்பு பட்டியலிட்டிருக்கும் பதவிகளுக்கு மட்டும்தான். அவர்களுக்கும்கூட பானட்டின் முன்பக்க நடுவில், அல்லது காரின் முன் வலப்பக்கத்தில் உறுதியாகப் பொருத்திய கம்பத்தில்தான் பறக்க வேண்டும். சுதந்திர தினத்தன்று சிலர் பானட் முழுக்கக் கொடியைப் போர்த்துகிறார்கள். அதையும் அந்தத் தொகுப்பு தடுக்கிறது.

அப்புறம் துறைச் சின்னங்கள். தனியார் வண்டியின் நம்பர் பிளேட்டிலோ வேறு பாகத்திலோ காவல், தலைமைச் செயலகம், பிரஸ் என்று எழுத்தோ சின்னமோ இருந்தால் நடவடிக்கை எடுப்போம் என்று அறிவித்து, சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் அதைச் செயல்படுத்தத் தொடங்கியது. நம்பர் பிளேட்டில் பதிவெண்ணைத் தவிர கட்சிக் கொடி, சாமி படம் எதுவும் கூடாது. அபராதம் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500.

சரி, கிளப் பேட்ஜ்தான், மாட்டலாம் என்று முடிவாகிவிட்டால், டிரில்லை எடுக்கும் முன் ஒரு நிமிடம். ஓட்டையின் விளிம்பில் பெயிண்டும் பிரைமரும் போய் வெறும் இரும்பு தெரியும். அங்கே மழைத்தண்ணீர் தங்கினால், பேட்ஜுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமலே துரு பரவும். பிறகு பேட்ஜைக் கழற்றினால் டிங்கரிங், பெயிண்டிங் என்று செலவு. போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், பிசிறை அரத்தால் ராவி, விளிம்பில் பிரைமரும் டச்-அப் பெயிண்டும் தொட்டு, காய்ந்த பிறகு ரப்பர் வாஷர் வைத்து இறுக்குங்கள். துரு வாரண்டி உள்ள வண்டியென்றால் அந்தத் தாளை முதலில் படித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், நல்ல டபுள் சைடு டேப் போதும். வண்டியை விற்கும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டினால் கையோடு வந்துவிடும்.