மீதியில் மூன்றில் இரண்டு

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார்: “என்ற பையன் எட்டாவது படிக்கறானுங்க. திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்குப் படிச்சுட்டு இருக்கறான். பின்னக் கணக்குல அவனுக்கு வந்த விடை, கேள்வித்தாள்ல இருக்கற நாலு விடையில ஒண்ணாத்தானுங்க இருக்குது. அப்புறம் எப்படிங்க அது தப்பாகும்?”

அவர் அனுப்பிய கணக்கு இது. பொள்ளாச்சி விவசாயி ஒருவர் பறித்த தேங்காயில் 1/4 பங்கை ஒரு வியாபாரிக்கு விற்றார். மீதியில் 2/3 பங்கை இன்னொருவருக்கு விற்றார். 500 காய் மிஞ்சியது. மொத்தம் எத்தனை?

பையன் 1/4, 2/3 இரண்டையும் கூட்டியிருக்கிறான். 11/12 வந்தது. மிச்சம் 1/12, அது 500. ஆக மொத்தம் 6000. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சரியான விடை 2000.

6000 அந்த நான்கு விடைகளுக்குள் தற்செயலாக வந்துவிடவில்லை. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், பிள்ளைகள் எந்த இடத்தில் வழுக்குவார்கள் என்று யோசித்து, அப்படி வழுக்கினால் என்ன விடை வருமோ அதையே எழுதி வைப்பார்கள். 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் தோராயமாக எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். இரண்டுமே ஏறக்குறைய ஒன்று, ஆகவே விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம். மேலே இருப்பதைக் கூட்டி 19 என்றும் கீழே இருப்பதைக் கூட்டி 21 என்றும் சொன்னவர்கள் பாதிக்கு மேல். 19, 21 இரண்டும் கொடுக்கப்பட்ட விடைகளில் இருந்தன.

நம் பையனின் சிக்கல் வேறு. 1/4 என்பது மொத்தத் தேங்காயில். 2/3 என்பது மீதியில். காலிங்கராயன் வாய்க்காலில் பாதியையும் ஒரு குடத்தில் பாதியையும் கூட்டினால் ஒன்று வருமா? முழு எது என்பது ‘மீதியில்’ என்ற இடத்தில் மாறிவிட்டது.

நோட்டிலிருந்து ஒரு நீளத் தாளைக் கிழித்து நான்காக மடியுங்கள். ஒரு துண்டு முதல் வியாபாரிக்கு. கையில் மூன்று துண்டு இருக்கிறது. அந்த மூன்றில் இரண்டு அடுத்தவருக்கு. மிஞ்சிய ஒரே துண்டு 500. நான்கு துண்டுக்கு 2000. கணக்கு முடிந்தது.

முழு இப்படி மாறுவதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. அரைக்கால் என்கிறோமே, அது கூட்டல் அல்ல, பெருக்கல். கால் பங்கை ஒரு முழுவாக எடுத்து அதில் அரை, அதாவது 1/8. அதிலும் பாதி மாகாணி, 1/16. இப்படியே நுணுகி முந்திரி என்னும் 1/320 வரை நம் முன்னோர் பெயர் வைத்திருந்தார்கள். அரைக்கால் என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு ‘மீதியில் 2/3’ புதிதே அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. 2/3-ஐ நாம் ‘மூன்றில் இரண்டு’ என்போம். முழு முதலில், பங்கு பிறகு. கொரிய மொழியிலும் இதே வரிசைதான். 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பள்ளியில் பின்னம் படிக்கும் முன்பே கொரியக் குழந்தைகள் பின்னத்துக்குரிய படத்தை அமெரிக்கக் குழந்தைகளைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். 2003-இல் அமெரிக்கக் குழந்தைகளிடம் அதே பாணியில் பின்னத்தைச் சொல்லிப் பார்த்தபோது அவர்களும் முன்னேறினார்கள். நம் வகுப்புகளிலோ ‘டூ பை த்ரீ’ என்கிறோம். எது எதில் பங்கு என்பதே அதில் காதில் விழுவதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். தமிழ்ப் பிள்ளைகளிடம் இதை விரிவாகச் சோதித்துப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தாளும் பொறுமையும் சிறிது பணமும் போதும். நம் பல்கலைக்கழகங்கள் அதற்கு நிதி ஒதுக்க வேண்டும்.

‘கணக்கெல்லாம் பொறப்புலயே வரோணும்’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். பையன் எழுதப்போகும் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய் வரும். மில் வேலைக்குப் போகிற வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. பிறவி என்று சொல்லி ஒரு குழந்தையை அதிலிருந்து விலக்கக் கூடாது. பயிற்சி மையங்கள் தரும் குறுக்குவழிச் சூத்திரமும் எனக்கு உவப்பில்லை. முதலில் மிஞ்சும் 3/4-ஐ, அடுத்து மிஞ்சும் 1/3-ஆல் பெருக்கு என்று மனப்பாடம் செய்த பிள்ளை, ‘மீதியில்’ இல்லாத கணக்கிலும் அதையே போடும்.

அம்மணி, பையனிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அதே கணக்கில் ‘மீதியில்’ என்பதை அடித்துவிட்டு ‘மொத்தத்தில்’ என்று எழுதி, மறுபடியும் தாளை மடித்துப் பார்க்கட்டும். இந்த முறை பன்னிரண்டாக மடிக்க வேண்டும். மூன்று துண்டு ஒருவருக்கு, எட்டுத் துண்டு இன்னொருவருக்கு, மிஞ்சுவது ஒன்று. அப்போது அவன் போட்ட 6000 சரியான விடை.