ராபென்முட்டர்: அண்டங்காக்கைமேல் விழுந்த பழி

ராபென்முட்டர் என்பது ஜெர்மன் மொழியில் ஒரே சொல். ‘ராபெ’ என்றால் அண்டங்காக்கை, ‘முட்டர்’ என்றால் தாய். பெற்ற பிள்ளையைக் கவனிக்காமல் போட்டுவிட்டுத் தன் காரியமே பெரிதென்று போகிறவள் என்பது அகராதிப் பொருள். புழக்கத்தில் அது பெரும்பாலும் வேலைக்குப் போகும் தாய்மீது விழும் ஏச்சு. அதிலும் மூன்று வயதுகூட ஆகாத பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகிறவள் என்றால் தப்பவே முடியாது. அவள் தேர்தலில் நின்று அமைச்சராகவும் ஆகிவிட்டால், அண்டை வீட்டுத் திண்ணையில் கிடந்த பேச்சு பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் ஏறிவிடும்.

சொல்லின் வேர் பழைய நம்பிக்கை ஒன்றில் இருக்கிறது. அண்டங்காக்கை தன் குஞ்சுக்கு இரை கொடுக்காது, பசியில் கத்தவிடும் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். விவிலியத்தின் யோபு நூலில், குஞ்சுகள் கடவுளை நோக்கிக் கூவும்போது அண்டங்காக்கைக்கு இரை தேடிக் கொடுப்பவர் யார் என்று ஒரு கேள்வி வருகிறது. 147ஆம் சங்கீதத்திலும் கூப்பிடும் காக்கைக் குஞ்சுகளுக்கு ஆண்டவரே உணவளிக்கிறார். படைத்தவனின் பரிவைச் சொல்ல வந்த வரிகள் இவை. படித்தவர்களோ, ஆண்டவன் ஊட்ட வேண்டியிருக்கிறதென்றால் தாய் ஊட்டவில்லை என்றுதானே பொருள் என்று குறுக்கே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். மார்ட்டின் லூதரின் முழு ஜெர்மன் விவிலியம் 1534இல் வெளிவந்து வீடுவீடாகப் போனபோது இந்த வரிகளும் கூடவே போயின. அதற்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டில், கொன்ராட் வான் மெகன்பெர்க் எழுதிய இயற்கை நூலில், ஊட்டிச் சலித்துப்போன அண்டங்காக்கைகள் குஞ்சைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும் என்று இருக்கிறது. குஞ்சின் இறகு கறுக்கும்வரை அது தன்னுடையதுதானா என்று தாய்க்குச் சந்தேகம், அதனால்தான் ஊட்டுவதில்லை என்ற கதையும் இடைக்காலத்தில் உலவியது.

பறவையைப் பார்த்தவர்கள் சொல்வது வேறு. அண்டங்காக்கைக் குஞ்சு நன்றாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். தரையில் தத்தித் தடுமாறிக் கத்திக்கொண்டிருக்கும். வழிப்போக்கன் கண்ணுக்கு அது அநாதை. தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து அதற்குப் பிறகும் பல வாரம் இரை கொடுக்கின்றன. பெண் அடைகாக்கும் நாளெல்லாம் அதற்கு இரை கொண்டுவந்து கொடுப்பது ஆண். பிள்ளை வளர்ப்பைப் பங்குபோட்டுக்கொள்ளும் பறவைகளில் இதைவிடப் பொறுப்பான இணையைக் காண்பது அரிது. தகப்பனின் உழைப்பு வசைக்குள் எங்கேயும் தலைகாட்டவில்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

பறவையைப் பற்றிய கதை பொய்யென்று தெரிந்த பிறகும் சொல் ஏன் சாகவில்லை? மேற்கு ஜெர்மனியின் பள்ளி மணியில் பாதி விடை இருக்கிறது. அங்கே அப்போது பள்ளிகள் பெரும்பாலும் அரைநாள்தான். மதியம் பிள்ளை வீடு திரும்பும். சோறு சமைத்து வைத்துக் காத்திருக்க ஒருவர் வேண்டும், அது யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. பூட்டிய வீட்டின் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் பிள்ளைக்கு ‘ஷ்லூசல்கிண்ட்’, அதாவது சாவிப் பிள்ளை, என்று தனிச்சொல்லே உண்டு. மீதி விடை சட்டத்தில் இருந்தது. 1958 முதல் 1977 வரை மேற்கு ஜெர்மனியின் குடியியல் சட்டப்படி, திருமணத்துக்கும் குடும்பத்துக்கும் செய்ய வேண்டிய கடமைகளோடு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் மனைவிக்கு வேலைக்குப் போகும் உரிமை. கணவனுக்கு அப்படியொரு நிபந்தனை கிடையாது. இதற்கும் முன்னே போனால், 1938இல் ஹிட்லர் ஆட்சி நிறைய பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பதக்கம் அறிவித்தது: நான்கு பெற்றால் வெண்கலம், ஆறுக்கு வெள்ளி, எட்டுக்குத் தங்கம். பிள்ளையை எண்ணித் தாய்க்கு மதிப்பெண் போடும் பழக்கம் அந்த ஆட்சி விழுந்ததோடு விழுந்துவிடவில்லை.

பெர்லின் சுவருக்குக் கிழக்கே கதை மாறுகிறது. கம்யூனிச ஜெர்மனியில் தாய் ஆலைக்குப் போவது இயல்பு, கைக்குழந்தை காப்பகத்துக்குப் போவதும் இயல்பு. மொழி ஒன்றே, ஆனால் ராபென்முட்டர் என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் அத்தனை கூர்மை இருந்ததில்லை.

இந்தச் சொல்லை உலகச் செய்திகளில் பரவவிட்டது உர்சுலா வான் டெர் லேயனின் அரசியல் வாழ்க்கை. மருத்துவம் படித்தவர், ஏழு பிள்ளைகளின் தாய். 2003இல் கீழ்ச் சாக்சனி மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி, அதே ஆண்டில் மாநில அமைச்சர். 2005இல் தலைமை அமைச்சர் அங்கேலா மெர்க்கலின் அமைச்சரவையில் குடும்ப நல அமைச்சர். ஏழு பெற்றவள் வீட்டில் இருக்காமல் மேடை ஏறுகிறாளே, பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்பது ஒரு பக்கத்துக் கேள்வி. வசதியான வீடு, உதவிக்கு ஆள், இவளைப் பார்த்துச் சாதாரணத் தாய் என்ன கற்றுக்கொள்வாள் என்பது இன்னொரு பக்கத்து இடிப்பு. அவருடைய தந்தை எர்ன்ஸ்ட் ஆல்பிரெக்ட் அதே மாநிலத்தை 1976 முதல் 1990 வரை முதல்வராக ஆண்டவர். அவர் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

வசை பெரிதானது, அந்த அமைச்சர் கொண்டுவந்த திட்டங்களால். பிள்ளை பிறந்தபின் வேலையிலிருந்து விலகி நிற்கும் பெற்றோருக்கு, முந்தைய நிகர வருமானத்தில் 67 விழுக்காட்டை, மாதம் 1800 யூரோ உச்சவரம்போடு அரசே கொடுக்கும் திட்டம் 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு மாதங்கள் கிடைக்கும். இரண்டாவது பெற்றோரும் விடுப்பு எடுத்தால் இன்னும் இரண்டு மாதம் கூடும், குறி அப்பாக்கள்தான். அந்த இரண்டு மாதத்தைச் சொந்தக் கூட்டணியைச் சேர்ந்த பீட்டர் ராம்சவர் ‘விக்கல்வொலொன்டாரியாட்’ என்று கேலி செய்தார். அணையாடை மாற்றும் பயிற்சிப் பணி என்று அதற்குப் பொருள். அடுத்து, மூன்று வயதுக்குட்பட்டோருக்கான காப்பக இடங்களை 2013க்குள் 7,50,000 ஆக உயர்த்துவது என்று முடிவானது. ஆக்ஸ்பர்க் ஆயர் வால்டர் மிக்ஸா 2007இல் கொதித்தெழுந்து, இது பெண்களைப் ‘பிள்ளை பெறும் இயந்திரம்’ ஆக்கிவிடும் என்றார். பெற்றுப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார்கள் என்பது அவர் கவலை. எட்டு பெற்றவளுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்த நாட்டில் இந்த ஒப்புமை எதற்குப் பொருந்தியிருக்கும் என்று எனக்கு ஒரு கருத்து உண்டு.

மறுதரப்பும் சும்மா இருக்கவில்லை. பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பாத பெற்றோருக்கு மாதப்படி கொடுக்கலாம் என்ற யோசனைக்கு ‘ஹெர்ட்ப்ரேமி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ‘ஹெர்ட்’ என்றால் அடுப்பு. அடுப்படிப் படி என்று சொல்லலாம். ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஒரு கெட்ட சொல்லைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் வழக்கம் உண்டு. 2007க்கு அது இந்தச் சொல்தான்; வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களை இழிவுபடுத்துகிறது என்று காரணம் சொன்னார்கள். வேலைக்குப் போனால் அண்டங்காக்கை, போகாவிட்டால் அடுப்படி. அந்தப் படி 2013இல் சட்டமாகவே வந்தது. இதை இயற்றும் அதிகாரம் நடுவண் அரசுக்கு இல்லை என்று 2015இல் அரசமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது.

பிள்ளை இல்லாதவளுக்கும் விடுதலை இல்லை. 2005 தேர்தலில் மெர்க்கல் போட்டியிட்டபோது, பெரும்பாலான பெண்களின் அனுபவம் அவருடைய வாழ்க்கையில் இல்லை என்று அப்போதைய தலைமை அமைச்சர் ஷ்ரோடரின் மனைவி பேட்டி கொடுத்தார். அந்த மெர்க்கலுக்கே பிற்பாடு ‘முட்டி’, அதாவது அம்மா, என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. 2021இல் பசுமைக் கட்சியின் அன்னலேனா பேர்பாக் தலைமை அமைச்சர் பதவிக்கு நின்றார். அவருக்கு இரண்டு சிறு பெண்பிள்ளைகள். இவ்வளவு பெரிய பதவியையும் பிள்ளைகளையும் எப்படிச் சமாளிப்பார் என்ற பேச்சு உடனே கிளம்பியது. கணவர் பார்த்துக்கொள்வார் என்பதை ஒரு செய்தியாகவே சொல்ல வேண்டியிருந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘காக்கைத் தாய்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் தலைகீழாகும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது நம் வழக்கு. பெற்ற பாசத்தில் குறை தெரியாதவளைத்தான் நாம் காக்கை என்போம். கரைந்து இனத்தைக் கூட்டி உண்ணும் பண்புக்குக் குறளே சான்று. குயிலின் முட்டையையும் தன்னுடையதென்று அடைகாத்து ஊட்டி வளர்ப்பது காக்கை. முட்டையிட்டுவிட்டுப் போன குயிலுக்குத்தான் பாட்டுப் புகழ் எல்லாம். இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் அண்டங்காக்கை என்று அழைக்கும் பறவை வேறு, ஜெர்மானியரின் ‘ராபெ’ வேறு. அந்தப் பெரிய பறவை இந்தியாவில் இமயமலைப் பக்கமும் வடமேற்கிலும்தான் உண்டு. உறவு நெருங்கியது என்பதால் பெயரைக் கடன் கொடுத்திருக்கிறேன்.

‘கல்நெஞ்சத் தாய்’ நாளிதழ்த் தலைப்புகளில் தேய்ந்த சொல். பிறந்த சிசுவைக் குப்பைத்தொட்டியில் போட்டவளுக்கு அதை வைத்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு மாலை கூட்டிவருகிறவளுக்கு அதைச் சூட்டினால் அளவு மீறும். ‘மாற்றாந்தாய்’ வேண்டவே வேண்டாம். ஒரு வசையைப் பெயர்க்கப் போய், ஏற்கெனவே பழி சுமக்கும் இன்னொரு பெண்மேல் அதை ஏற்றுவதாகும். ‘விட்டேற்றித் தாய்’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஒட்டாமல் இருக்கும் குணத்தை நன்றாகவே காட்டுகிறது, ஆனால் சுடவில்லை. வசையைப் பெயர்த்தால் சுட வேண்டும். ‘ஊர் மேய்கிறாள்’ என்ற தெருச்சொல்லோ சுடுவதோடு நில்லாமல் நடத்தையிலும் சேறு பூசும். ராபென்முட்டரில் அந்த அழுக்கு இல்லை.

விலங்குதான் வேண்டும் என்பவர்களுக்கு ஐங்குறுநூற்றில் ஒன்று இருக்கிறது: ‘தன் பார்ப்புத் தின்னும் அன்பில் முதலை’. ஆனால் அந்த முதலை கிடப்பது ‘அவன் ஊர்’ப் பொய்கையில். பரத்தையிடம் போன தலைவனைக் குத்துவதற்காக வந்த முதலை அது. அதே பத்தில் தாய் முகம் பார்த்தே வளரும் ஆமைக் குஞ்சும் வருகிறது. அந்தப் பாட்டும் அவனைப் பார்த்துத்தான், அறிந்து நடந்துகொள் என்று முடிகிறது. பிள்ளையைத் தின்னும் விலங்கைக் கொண்டு ஆண்பிள்ளையை ஏசிய மரபை எடுத்து ஒரு தாய்மேல் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

என் தெரிவு ‘தவிக்கவிட்டவள்’. ‘பச்சைப்பிள்ளையைத் தவிக்கவிட்டுட்டுப் போயிட்டா’ என்று வீடுகளில் உண்மையாகவே சொல்லும் பேச்சிலிருந்து எடுத்தது. பறவை இல்லை, குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது. சொல்கிறவரின் தொனியும் கேட்கிறது. செய்தியில் எழுதும்போது ‘தவிக்கவிட்டவள் என்ற ஏச்சுக்கு ஆளான அமைச்சர்’ என்று ஏச்சு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிறவரே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

‘ராபென்ஃபாட்டர்’ என்ற ஆண்பாலும் ஜெர்மனில் உண்டு. குடும்பத்தை விட்டு ஓடிப்போனவன், ஜீவனாம்சம் கட்டாதவன், பிள்ளை முகத்தை எட்டிப்பார்க்காதவன் என்று ஏதாவது செய்தால்தான் ஒருவனுக்கு அந்தப் பட்டம் கிடைக்கும். அலுவலகம் போனதற்காகவோ தேர்தலில் நின்றதற்காகவோ கிடைக்காது. ஆகவே அதற்குத் ‘தவிக்கவிட்டவன்’ என்று இணைச்சொல் போட்டால் கணக்கு ஒத்துவராது. ‘கைவிட்டுப் போனவன்’ சரியாக இருக்கும்.