முடி நீக்கும் ஒளிக்கருவியைக் கோடையில் தொடங்காதீர்கள்

வெயில் ஏற ஆரம்பித்ததும் தோல் மருத்துவர்களாகிய எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “டாக்டர், வீட்டிலேயே முடி எடுக்கிற மெஷின் வாங்கியிருக்கேன். இப்பவே ஆரம்பிக்கலாமா?” பெரும்பாலும் நான் சொல்லும் பதில், “வெயில் தணியட்டும், அதுவரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம்” என்பதுதான். கேட்டவர் முகம் வாடிவிடும். கையில்லாத சட்டை போட வேண்டும், நீச்சலுக்குப் போக வேண்டும் என்று கோடைக்காகவே ஆசையாக வாங்கியிருப்பார். ஆனால் இந்தக் கருவிக்குப் பொருந்தாத பருவமே கோடைதான்.

வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை லேசர் அல்ல, ஐ.பி.எல். எனப்படும் ஒளித்துடிப்புக் கருவிகள். லேசர் ஒரே அலைநீளத்தில் ஒளி வீசும். ஐ.பி.எல். விளக்கோ ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான பல அலைநீளங்களை ஒரே மின்னலில் பாய்ச்சும். முடியில் இருக்கும் மெலனின் என்ற நிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. சூடு வேர்க்காலுக்குப் பரவி, அதன் வளர்ச்சியை முடக்குகிறது. உடலில் குறிப்பிட்ட ஒரு நிறமியை மட்டும் குறிவைத்து ஒளியால் சூடாக்க முடியும் என்று 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் விளக்கினார்கள். இன்றைய லேசர், ஐ.பி.எல். சிகிச்சைகளுக்கு அதுதான் அடிப்படை.

சிக்கல் என்னவென்றால், மெலனின் தோலிலும் இருக்கிறது. எது முடி, எது தோல் என்று ஒளிக்குத் தெரியாது. வெளுத்த தோலில் கறுத்த முடி இருந்தால் ஒளி நேராக முடிக்குப் போகும். மாநிறத் தோல் வழியிலேயே ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். வெயிலில் கறுத்த தோலில் நிறமி இன்னும் கூடியிருக்கும் என்பதால், வேர்க்காலுக்குப் போக வேண்டிய சூடு மேல்தோலிலேயே இறங்கிவிடும். அப்படி வரும் காயத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். கருவியின் கண்ணாடிச் சன்னல் எந்த அளவோ அதே அளவில், கெண்டைக்காலில் செவ்வகம் செவ்வகமாகச் சிவந்திருக்கும். சில நாளில் பொருக்குத் தட்டி உதிரும். அதன்பிறகு அதே இடத்தில் கருந்திட்டு படியும். மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் அது மறைய மாதக்கணக்காகும்.

“அதில்தான் தோல் நிறம் பார்க்கும் சென்சார் இருக்கிறதே?” என்பார்கள். சென்சார் நல்லதுதான். ஆனால் சில கருவிகள் ஆரம்பத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, அதே அளவிலேயே தொடரும். முன்கையின் உட்பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டு அப்படியே அக்குளுக்குப் போகிறவர்கள் அதிகம். ஒரே உடம்பில் அக்குள், தொடையிடுக்கு, முழங்கால், கணுக்கால் எல்லாம் மற்ற இடங்களைவிடக் கறுப்பாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக, மிகக் குறைந்த அளவில், ஒரே ஒரு முறை ஒளி பாய்ச்சிப் பாருங்கள். இரண்டு நாள் பொறுங்கள். தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அட்டவணை பெட்டியிலுள்ள கையேட்டில் இருக்கும். எண் கூடக் கூட நிறம் கறுப்பாகும். ஆறாம் வகைக்குப் பெரும்பாலான வீட்டுக் கருவிகள் ஆகாது, ஐந்தாம் வகைக்கும் பல கருவிகள் ஆகாது. அந்த நிறத்தவர்கள் மருத்துவமனையில் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி. யாக் லேசர் செய்துகொள்வதே பாதுகாப்பு. நரைமுடி, செம்பட்டை முடி, பூனைமுடிக்கு எந்த நிறத்தவரானாலும் பலன் இருக்காது.

வெயிலில் அலைந்து கறுத்திருந்தால், குறைந்தது நான்கு வாரமாவது கழித்தே தொடங்கச் சொல்வேன். தொடங்கிய பிறகும் அந்த இடங்களை உடையால் மூடுங்கள், அல்லது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். முடியை ஷேவ் செய்துவிட்டுத்தான் ஒளி பாய்ச்ச வேண்டும். வேக்ஸிங், த்ரெடிங் கூடாது, ஏனென்றால் வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளியை வாங்கிக்கொள்ள உள்ளே முடியே இருக்காது. வளரும் கட்டத்திலுள்ள முடியில்தான் ஒளி நன்றாக வேலை செய்யும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டத்தில் இருப்பதில்லை. இரண்டு வார இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது அதனால்தான். அப்போதும் முடி குறையும், மெலியும், அடியோடு ஒழியாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம்கூட ‘நிரந்தரக் குறைப்பு’ என்றுதான் இந்தக் கருவிகளை விவரிக்க அனுமதிக்கிறது.

இந்தக் கோடைக்கு ஷேவிங் போதும். ஷேவ் செய்தால் முடி தடித்து வளரும் என்பது உண்மையல்ல. வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மச்சத்தின் மேலோ, பச்சை குத்திய இடத்திலோ கருவியை வைக்கவே கூடாது. புருவத்திலும் கண்ணைச் சுற்றியும் கூடாது. கண்மணியைச் சுற்றியுள்ள வண்ணப்படலத்திலும் மெலனின் உண்டு, கண் பாதிக்கப்படும். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் அல்லது டாக்ஸிசைக்ளின் சாப்பிடுபவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் தள்ளிப்போடுங்கள். மின்னும்போது சுருக்கென்று ஒரு சூடு படுவது இயல்பு. எரிச்சல் தங்கினாலோ கொப்புளம் வந்தாலோ உடனே நிறுத்தி, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது தாடை முடிதான். பெண்களுக்குத் தாடையிலும் கழுத்திலும் தடித்த முடி வருவதற்குப் பல நேரம் ஹார்மோன்தான் காரணம். அங்கே குறைந்த ஆற்றலில் ஒளி படும்போது, சிலருக்குச் சுற்றியுள்ள பூனைமுடியும் தூண்டப்பட்டுத் தடித்து வளர்கிறது. பிறகு அதற்கும் சேர்த்துச் சிகிச்சை தேவைப்படும். தாடை முடியோடு மாதவிடாய் தள்ளிப்போகிறது, பரு விடாமல் வருகிறது, கழுத்தும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுக்கின்றன என்றால் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். திடீரென்று வேகமாக முடி வளர்ந்து குரலும் கரகரத்தால் தாமதிக்கவே கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, சுத்தமாக மழித்துவிட்டு வந்து உட்காருபவர்கள் பலர். தயவுசெய்து இரண்டு மூன்று வாரம் முடியை விட்டுவிட்டு வாருங்கள். எங்கெங்கே, எவ்வளவு தடிமனில் வளர்கிறது என்று பார்த்தால்தான் எந்தப் பரிசோதனை தேவை என்று எங்களால் முடிவுசெய்ய முடியும்.